தட்டிப் பார்த்து எடுத்த பிரேக் ஷூ

அன்புள்ள அப்பாவுக்கு,

கொழும்பில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மஸ்கெலியாவில் மழை விட்டதா?

நம் பழைய பிக்கப்புக்கு, நான் வேலை செய்யும் உதிரிப்பாகக் கடையிலேயே பிரேக் ஷூ எடுத்துவிட்டேன். முதலில் பளபளப்பான பெட்டியைத்தான் எடுத்தேன். பக்கத்தில் நின்ற பஸ் மெக்கானிக் ஒருவர், "பெட்டியப் பாக்காதீங்க தங்கச்சி, ஷூவத் தட்டிப் பாருங்க. மேல இருக்கிற லைனிங் பட்டை நல்லா ஒட்டியிருந்தா கணீர்னு கேக்கும்" என்றார். தட்டினேன், பொத்தென்றது. அதன்பிறகு கை சும்மா இருக்கவில்லை, கடை அலுமாரியில் இருந்த எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். முதலாளி முறைத்தார். ஒன்று என் காலில் விழுந்தது. வீக்கம் வற்றிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கணீரென்ற நான்கும் பார்சலில் வருகின்றன. கழற்றும் பழையதை எறியாமல் எனக்கு அனுப்புங்கள். நம் மலைப்பாதை இறக்கம் அதை எந்தப் பக்கம் தேய்த்துத் தின்றிருக்கிறது என்று பார்க்க ஆசை.

பார்சலைக் கொண்டுவரும் ஹட்டன் பஸ் புறப்படப்போகிறது. ஒன்று மட்டும்: புது ஷூ பழையதைப்போல் கிறீச்சிடாது. கோயில் வளைவில் அந்தச் சத்தம் கேட்டுத்தானே அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்? இனி அங்கே ஹோர்ன் அடியுங்கள். இங்கே ரோட்டில் எந்த வண்டி கிறீச்சிட்டாலும் நான் வாசலைப் பார்க்கிறேன்.

மகள்
சுலக்ஷனா