அண்டங்காக்கையின் கயிறு

தம்பி,

நீ கோபித்துக்கொண்டு படகேறி இரண்டு வருடமாகிறது. நேற்று நம் குல விருந்தில் உன் அண்டங்காக்கை முகமூடியைப் போட்டு நான்தான் ஆடினேன். கயிற்றை இழுத்தால் மர அலகு படபடவென்று அடிக்க வேண்டும். எவ்வளவு இழுத்தும் என் கைக்கு அது வாய் திறக்கவில்லை. பாட்டே நின்றுவிட்டது.

எதெல் அத்தை எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏண்டா, செதுக்கினவனே நீதானே? கயித்தப் போயி எவனாவது இடப்பக்கம் வைப்பானா?"

கைப்பிசகு என்றேன். ஆட்டம் தவறினால் அந்த அவமானத்தைத் துடைக்க வேண்டுமே, நம் வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் போர்வை கொடுத்தேன்.

"அடுத்த விருந்துக்குள்ள வலப்பக்கம் மாத்திடு" என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள்.

நம் வீட்டில் இடக்கைக்காரன் நீ ஒருவன்தான். நான் மாற்றப்போவதில்லை.

உன் அண்ணன்