தெள்ளுப்பூச்சியும் உன் சித்தியும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் உன் சித்தி நேற்று மாடிப்படியில் என்னை நிறுத்தி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். உனக்குச் சளி பிடித்திருக்கிறதாம், புது மேலாளர் தங்கமானவராம், தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாயாம். மகள் முடி வெட்டிய செய்தி பெற்றவளுக்கு மாடி வீட்டிலிருந்து இறங்கி வருகிறது, இருக்கட்டும். தினமும் ஆவி பிடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே, குட்டை முடிதானே காய்ந்துவிடும் என்று அலட்சியமாக இருக்காதே.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் பூனை கரிமூஞ்சிக்குத் தெள்ளுப்பூச்சி வந்துவிட்டது. இதையும் சித்தி உனக்குச் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் சொன்னது பாதியாகத்தான் இருக்கும், முழுசையும் நான் சொல்கிறேன். முதலில் அப்பாவுக்குத்தான் கணுக்காலில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. அவர் வேனிலிருந்து சரக்கு இறக்குகிற இடத்தில் கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் எனக்கும் வந்தது. ஒரு நாள் கரிமூஞ்சியைப் பிடித்து மடியில் போட்டு நெருக்கமான சீப்பால் வாரினேன், கறுப்பாகப் பொடி உதிர்ந்தது, மண்ணாக இருக்கும் என்று ஈரக் காகிதத்தில் தட்டினால் அப்படியே சிவப்பாகக் கரைகிறது. பூச்சி குடித்த இரத்தம்தான் அது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இத்தனை வருஷமாக நிற்கிறவள் நான், கட்டில் விரிப்பில் கடுகளவு கறை தெரிந்தாலும் திரும்ப ஊறப்போடு என்று திருப்பி அனுப்புகிறவள், என் வீட்டில் பூச்சி. வேலை செய்கிற இடத்தில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் காலைச் சொறிந்துகொண்டேன்.

பூச்சி எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சித்தி வீட்டிலிருந்துதான் என்று முடிவு கட்டிவிட்டேன். நீ வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து அந்தப் பூனைக்கு என் வீடு சாப்பாட்டுக்கு மட்டும்தான். தின்று முடித்த கையோடு வாலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடும். சித்தி வீட்டிலேயே உட்கார்ந்து திரைச்சீலை தைக்கிறவள், அவள் மிஷினுக்குப் பக்கத்தில் துணிக்குவியலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தால் அரைக்கண்ணைத் திறக்கும், திரும்ப மூடிக்கொள்ளும். மீன் வாங்குவது நான், முள் எடுப்பது நான், அது வெளிக்குப் போகிற மண்தட்டைக் கழுவுவது நான், கொஞ்சுவது மட்டும் அவள். உன் சித்தி வீடு கூட்டுகிற அழகும் உனக்குத் தெரியும், நடுவில் மட்டும்தான் துடைப்பம் போகும், மூலையெல்லாம் அதனதன் விருப்பம். அதனால் பூச்சி அங்கேதான் முட்டையிடுகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "உனக்குப் பூச்சி மேல கோவமா, தங்கச்சி மேல கோவமா"ன்னு கேட்டார். பதில் சொல்ல எனக்கு வேறு வேலை இல்லையா.

அதற்குள் சித்தி இறங்கி வந்து, "பாப்பாகிட்ட பேசினேன்க்கா, அம்மா வேலைக்குப் போறவங்க, அவங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை, பூனை சித்தி வீட்லயே இருந்துடட்டும்னு சொல்லிட்டா"ன்னு சொன்னாள். நீ அப்படிச் சொன்னாயா? சொல்லியிருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. எனக்குப் பொறாமைதான், மறைக்கப் போவதில்லை. நீ சின்ன வயதில் விழுந்து எழுந்தாலும் என்னைத் தாண்டி அவளிடம்தான் ஓடுவாய், அப்போதும் எனக்கு எரியும், இப்போதும் எரிகிறது. நீ இந்த வீட்டில் விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது அந்தப் பூனை ஒன்றுதான், அதையும் மாடிக்கு அனுப்பிவிட்டு நான் யாரைத் திட்டிக்கொண்டிருப்பேன்? பூச்சியை ஒழித்துக் காட்டுகிறேன், அதற்குப் பிறகு பூனை யாருக்கு என்று பேசலாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாளே கூடையில் போட்டுப் பூனை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். நல்லவேளை போனேன், மருந்துக் கடைக்காரர் நாய்க்குப் போடுகிற பொடியைக் கொடுத்திருந்தார், அதைப் பார்த்ததும் டாக்டரம்மா பதறிவிட்டார், நாய் மருந்து சிலது பூனையைக் கொன்றே போட்டுவிடுமாம். பூனைக்கென்றே இருக்கிற சொட்டு மருந்தை, நாக்கு எட்டாதபடி பிடரியில் முடியை விலக்கி விட்டார். பூனை மேல் இருப்பது கொஞ்சம்தானாம், முட்டையும் புழுவும் புழுக்கூடும் வீட்டுக்குள்தான் இருக்குமாம், படுக்கையில், தரை இடுக்கில், மெத்தைத் தையலில். கூட்டுக்குள் இருக்கிற பூச்சி எந்த மருந்துக்கும் அசையாமல் கிடந்து, ஆள் நடமாட்டமும் சூடும் தெரிந்ததும் வெளியே வருமாம். துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும், தூசி உறிஞ்சுகிற மிஷினைத் தினமும் ஓட்டிக் குப்பைப் பையை உடனே வெளியே போட வேண்டும், பூனை போகிற வீடு எதுவானாலும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும் என்றார். வெந்நீரில் துணி துவைப்பதை எனக்கே சொல்லிக் கொடுக்கிறார். விரிப்பு, உறை, திரை, கால்மிதி எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கத் துவைத்தேன். அப்படியும் கடி நிற்கவில்லை.

சித்தி வீடுதான் என்று நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. வெள்ளைக் காலுறை போட்டு நடந்தால் பூச்சி தாவி ஒட்டும், பளிச்சென்று தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அப்பாவின் வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் கேட்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். ஒவ்வொரு மூலையிலும் நின்றேன், மிஷினுக்கு அடியில் காலை விட்டேன், கட்டிலைச் சுற்றி வந்தேன். "கத்தரிக்கோல் என் கையிலதான் இருக்கு, நீ எங்கக்கா தேடுற"ன்னு சித்தி கேட்டாள். காலுறை வெள்ளை வெளேரென்றே இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வீட்டில் ஒரு பூச்சி கிடைத்திருந்தால் அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் தெரியுமா.

கீழே வந்து அதே காலுறையோடு நம் வீட்டில் நடந்தேன். கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. கடைசியாக உன் அறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். நின்ற கொஞ்ச நேரத்தில் கணுக்காலெல்லாம் மிளகு தூவியது போல ஆகிவிட்டது. ஜன்னல் வலை ஓரத்தில் கிழிந்திருக்கிறது, நான் வேலைக்குப் போன பகல் நேரத்தில் கரிமூஞ்சி அது வழியாக நுழைந்து உன் தலையணையில் படுத்திருக்கிறது, பள்ளம்கூட விழுந்திருந்தது. மேலேயே கிடக்கிறது என்று நான் நினைத்த நேரமெல்லாம் என் வீட்டில்தான் இருந்திருக்கிறது, அதில் எனக்கு ஒரு திருப்தி. ஊரார் விரிப்பையெல்லாம் வெளுக்கிற நான் உன் விரிப்பை மட்டும் நீ போன நாளிலிருந்து துவைக்கவில்லை. துவைத்தால் உன் வாசனை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தலை வைத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நான் மெத்தையைப் புரட்டுகிற சத்தம் கேட்டு சித்தி இறங்கி வந்தாள். அவள் வீட்டைப் பற்றி நான் பேசியதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். விரிப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "துவைக்காமயே வெச்சிருந்தியாக்கா"ன்னு மட்டும் மெதுவாகக் கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை நான் பிடித்தேன், வெந்நீரில் போட்டுவிட்டோம். போட்டதும் எனக்கு நெஞ்சு காலியாகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் என்று டாக்டரம்மா சொன்னதை வைத்துக்கொண்டு சித்தி வீட்டுத் துணிகளையும் எடுக்க மேலே போனேன். அலமாரியின் அடித்தட்டில், திரைத்துணிக்கு அடியில், வாய் இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே உன் நீலக் கம்பளிச் சால்வை. பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று என்னிடம் ஏச்சு வாங்கினாயே, அதே சால்வை. "அதுல பூனை படுக்கவே இல்லக்கா, கட்டித்தான் வெச்சிருக்கேன், அது மட்டும் வேணாம்"ன்னு சித்தி சொன்னாள். டாக்டர் சொல்லியிருக்கிறார், எதையும் விடக் கூடாது என்றேன். பூனை அதைத் தொட்டதில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். கம்பளி வெந்நீரில் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா, அதுவும் எனக்கா? தெரிந்துதான் போட்டேன். எனக்கு இல்லாத உன் வாசனை அவளுக்கு மட்டும் எதற்கு என்று இருந்தது. தலையணை உறை அளவுக்குச் சுருங்கி வந்தது. அவள் அதை உதறி மடித்து எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

பூச்சி ஒழிந்துவிட்டது, இரண்டு வீட்டிலும் காலுறை வெள்ளையாகவே இருக்கிறது, மருந்து மட்டும் டாக்டரம்மா சொன்னபடி இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறேன். சுருங்கிய சால்வையைச் சித்தி மிஷின் பக்கத்தில் விரித்துவிட்டாள், பூனை படுக்க அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது, கரிமூஞ்சி இப்போது அதைவிட்டு எழுந்திருப்பதே இல்லை. என் கையாலேயே அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்றுப் போய், பூனை உன்கிட்டயே இருக்கட்டும் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீயும் அதைத்தானே சொன்னாய்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும். அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். ஞாபகமாக இரண்டு காரியம் செய். போன் செய்தால் முதலில் எனக்குச் செய், சித்திக்கு அப்புறம் செய்துகொள். இன்னொன்று, நீ போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அப்படியே மடித்து எனக்கு அனுப்பி வை. சித்திக்கும் ஒன்று அனுப்பு, அவள் பாவம். அவளுக்கு அனுப்புவதை மட்டும் நன்றாகத் துவைத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா