குருத்தோலை ஞாயிறன்று நீ சொன்ன பதில்

இன்று காலை பவனிக்குக் குருத்தோலை வாங்கினேன். பச்சை ஓலையின் வாசனை கையில் ஏறியதும் உன்மேல் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். வருகிறதே, என்ன செய்ய?

பொன்மலை ரயில் பட்டறையில் நமக்கு ஒரே ஷிப்ட். ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாதிக்கொரு பக்கம். உன் ஜனம் கோவிலின் நடுக்கூடத்தில், என் ஜனம் பக்கத்துக் கூடத்தில். இடையே மரக் கிராதி.

ஒரு மாலை காவிரிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைக் காட்டினாய்.

"அங்கயே சட்டம் போட்டு எல்லாரையும் உள்ள விட்டாச்சு. நம்ம கோவில்ல இன்னும் கிராதி. சர்வேசுரன் நம்மளத்தான்டா கூப்பிடுறார். குருத்தோலை ஞாயிறு பவனியில சேர்ந்து வருவோம். அப்படியே என்கூட நடுவுல வந்து உட்காரு."

நான் பின்வாங்கினேன். "அம்மா பயப்படும்டா. யாராவது கேட்டா எனக்குப் பேசவும் வராது."

"சர்வேசுரன் கூப்பிட்டப்ப மோயீசனும் இதையேதான் சொன்னார், திக்குவாய்னு! உனக்கென்னடா, பட்டறை இரைச்சலுக்கு மேல கத்துற தொண்டை" என்று சிரித்தாய்.

பவனியில் தெருவெல்லாம் கலந்துதான் நடப்போம். கோவில் படி ஏறியதும், கையில் ஓலையோடு, தானாக இரண்டாகப் பிரிவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று நான் பிரியவில்லை. உன் பின்னால் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தேன்.

உன் மாமா திரும்பினார். "யார்றா இவன்? உன்கூட வந்தவனா?"

நீ ஓலையைப் பார்த்தபடி சொன்னாய்: "எனக்குத் தெரியாது மாமா. எடம் தெரியாம வந்துட்டான்போல."

சொல்லிவிட்டு எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போனாய். பூசை முடியும்வரை நான் எழவில்லை. வெளியே அடி விழுந்தது. நீ அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. மறுநாளே ஷிப்ட் மாற்றிக்கொண்டாய். மஞ்சள்காமாலையில் சாகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பயந்துவிட்டாய். நானும் பயந்தவன்தான். ஆனால் என்னைக் கூப்பிட்ட வாயே என்னைத் தெரியாது என்றது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறும் போய் அங்கேயே உட்கார்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். கூப்பிட்டது நீ மட்டுமில்லை என்பது, நீ விலகிப் போன பிறகு தனியாக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இன்று எங்கள் தெருவே என்னோடு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. இன்றும் எனக்குப் பயம்தான்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். அங்கேயும் நடுவில் சுவர். என் அப்பா இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். மன்னித்தேன் என்ற சொல் வரவில்லை. வராததைச் சொல்ல மாட்டேன். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் செங்கல், ஆள் உயரம்.

அடுத்து விழ வேண்டியது இதுதான். இதை யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.