ஆறு நூலும் நுரையும்

என் சின்ன மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி, பேரன் எல்லோரும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் உதைக்கிறதும் எங்களைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனில் கேட்டால் போதாதா என்பாய். கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு முறை "சரிம்மா" என்றாய், செவ்வாய்க்கிழமை பதினான்கு முறை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதோடு உன் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறான், சம்பந்தமில்லாதவர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கும்போது மூத்திரத்தைப் பற்றி நான் எப்படிக் கேட்பது. அவனோடு வேலை செய்யும் வெல்டர் நாளைக் காலை விமானம் ஏறுகிறார், நாளைச் சாயங்காலமே இது உன் கைக்கு வரும். வாங்கினதும் நின்றபடியே படி.

செவ்வாய்க்கிழமை நீ மூன்று விஷயம் சொன்னாய். சொன்னது உனக்கே ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. முதலில், "மோதிரம் விரல்ல சிக்கிக்கிச்சும்மா, கழட்ட வரல" என்றாய். அப்புறம், "ரெண்டு நாளா கண்ணு மங்கலா இருக்கு, கண்ணாடிக் கடையில வேலை பாத்துக்கிட்டு எனக்கே லென்ஸ் மாத்தணும் போல" என்று சிரித்தாய், உன் அண்ணியும் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. கடைசியாக, வேறெதையோ சொல்லிக்கொண்டே, "பாத்ரூம்ல ஒரே நுரைம்மா, புதுசா ஏதோ கிளீனர் ஊத்துறாங்க போல" என்றாய். அதற்குள் பேரன் டம்ளரைத் தட்டிவிட்டான், எல்லோரும் மேசையைத் துடைக்கப் போய்விட்டார்கள். நான் அந்த நுரையிலேயே நின்றுவிட்டேன். டாக்டரிடம் போ என்று அப்போதே சொன்னேன், அதுவும் உன் பதினான்கு "சரிம்மா"வில் ஒன்றாகப் போய்விட்டது. அடுத்த செக்கப் இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். பதினெட்டு நாள் கிடையாது, படித்து முடித்ததும் கிளம்ப வேண்டும், ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

கவரில் ஆறு நூல் இருக்கும், குப்பை என்று போட்டுவிடாதே. சாயப்பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் நான், நிறத்தை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மஞ்சள் என்று நீ சொன்னால் எந்த மஞ்சள். எங்கள் மேஸ்திரி ஒரு மஞ்சளுக்கு நாற்பது நூல் தொங்கவிட்டிருப்பார். போட்டோ எடுத்து அனுப்பாதே, போட்டோவில் நிறம் பொய் சொல்லும். டியூப்லைட்டிலும் பார்க்காதே, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் மூத்திரத்தைப் பிடித்து, நூலைப் பக்கத்தில் வைத்துப் பார். அந்த டம்ளரை அப்புறம் தூக்கிப் போட்டுவிடு, கழுவி வைக்கிறேன் என்று கஞ்சத்தனம் பண்ணாதே. நூலை நான் இங்கே அடுப்பில்தான் சாயம் போட்டேன். உன் அண்ணி அந்தப் பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துவிட்டாள். சொல்லாமல் வைத்ததை நானும் மனதில் வைத்திருக்கிறேன். பேரன், இது என்ன பாட்டி என்றான், உள்ளதைச் சொன்னேன், அவன் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான், டீச்சர் உன் அண்ணனை வரச்சொல்லியிருக்கிறார்.

ஒரு முடிச்சு போட்டது வெளுத்த நூல், நிறையத் தண்ணீர் குடித்தால் அப்படிப் போகும். இரண்டு முடிச்சு இளமஞ்சள், அதுதான் சரியான நிறம், அதிலேயே இருக்கப் பார். மூன்று முடிச்சு கண்ணைக் குத்துகிற மஞ்சள், அது சத்து மாத்திரை செய்கிற வேலை, பயப்படாதே, மாத்திரையை நிறுத்தவும் நிறுத்தாதே. நான்கு முடிச்சு தேன் நிறம், உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். நீ அங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் மேனேஜர் "அடிக்கடி எங்க போறீங்க" என்று கேட்டதிலிருந்து நீ தண்ணீரைக் குறைத்துவிட்டாய். அவரிடம் சொல், எங்கே போகிறேன் என்று எழுதி வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல். வயிற்றில் பிள்ளை ஏறி உட்கார்ந்தால் அரைமணிக்கு ஒருதரம் போகத்தான் வேண்டும், அதற்காகக் குடிக்காமல் இருக்கக்கூடாது. ஐந்து முடிச்சு சிவப்பு ஏறினது. முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் அது பீட்ரூட், சாப்பிடவில்லை என்றால் அது இரத்தம், அன்றைக்கே டாக்டரிடம் போ. ஆறு முடிச்சு கறுத்த டீ நிறம், அதற்கும் அன்றைக்கே. கலங்கலுக்கும் ஒரு நூல் செய்யலாம் என்று மாவுத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், காய்ந்ததும் நிற்கவில்லை. ஆகையால் வாயால் சொல்கிறேன், கலங்கலாகப் போய், எரிச்சலும் நாற்றமும் இருந்தால் அது கிருமி, டாக்டர் மாத்திரை தருவார், வெட்கப்பட்டுக்கொண்டு பொறுத்திருக்காதே.

நுரைக்கு என்னிடம் நூல் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணனுக்கு முன்னால் எனக்கு ஒன்று இருந்தது என்று உனக்குத் தெரியும், ஏழாம் மாதத்தில் போய்விட்டது என்றும் தெரியும். அந்த மகராசியால்தான் போனது என்று நான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். உன் அப்பா கூடப் பிறந்த அந்த மகராசியின் பெயரை நம் வீட்டில் நான் எடுப்பதில்லை, மற்றவர்களையும் எடுக்க விட்டதில்லை. அவள் அங்கே உன் ஊரிலேயே, ரயிலில் நான்கு நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறாள் என்று தெரிந்தும், நீ குடிபோன அன்று, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லி அனுப்பினேன். உன் கல்யாணத்துக்கு வந்தாள், மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள், பச்சைப் புடவை, சாயம் சரியாக ஏறாத பச்சை. சாப்பிடாமல் போனாள். நான் சாப்பிடச் சொல்லவில்லை.

இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என்னை வெளியே அனுப்பிய வாத்தியார், உனக்குப் படிப்பு வராது, ஞாபகம் மட்டும் பேய் மாதிரி என்றார், அவரையும் நான் மறக்கவில்லை. பட்டறையில் நான் சாயத் தொட்டியில், அவள் சலவைப் பக்கம். பத்தொன்பது வயது அவளுக்கு, நான்தான் மேஸ்திரியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ், அதுவும் சலவை முற்றத்தின் கோடியில். நூல் அலசின சோப்புத் தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் சாக்கடைக்குப் போகும், ஆகவே அங்கே எப்போதும் கணுக்கால் உயரத்துக்கு நுரை நிற்கும். எது யாருடைய நுரை என்று அங்கே ஒருத்தியும் பார்த்தது கிடையாது. எனக்குக் கால் வீங்கியது, நாளெல்லாம் நிற்கிறோம் வீங்காதா என்றேன். வளையல் கையை வெட்டியது, பூசினாற்போல் ஆகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். மூத்திரத்தின் நிறத்தை மட்டும் தினமும் பார்த்தேன், என் கண்ணுக்குத் தப்பாது என்று ஒரு திமிர். நிறம் சரியாகத்தான் இருந்தது.

ஒருநாள் மோட்டார் கெட்டு, காலையிலிருந்தே சலவை ஓடவில்லை. முற்றம் காய்ந்து கிடந்தது. நான் போய்விட்டு வந்தேன், எனக்குப் பின்னால் அவள் உள்ளே போனாள், போனவள் உடனே வெளியே வந்து நின்றாள். "அண்ணி, இன்னிக்குச் சலவையே ஓடலையே, இவ்வளவு நுரை எங்கேருந்து வந்துச்சு" என்றாள். நான், "நேத்து சோப்பு மிச்சம்டி, போடி வேலையைப் பாரு" என்றேன். "இல்ல அண்ணி, தண்ணி ஊத்துனாலும் போகமாட்டேங்குது, ஒருதரம் நர்சம்மாகிட்ட காட்டிட்டு வரலாம், நான் கூட வர்றேன்" என்றாள். "நீ எத்தனை பெத்தவ, எனக்குப் பாடம் நடத்துற" என்று கேட்டேன். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் அப்படிக் கேட்டேன், நாலு பேர் சிரித்தார்கள், அவள் முகம் சுண்டிப்போய் சலவைப் பக்கம் போனாள்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது தலை வெடித்துவிடும் போல வலித்தது, கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டு பொட்டாகப் பறந்தது, தொட்டி ஓரத்தில் விழுந்து கை கால் வெட்டி இழுத்ததாம். ஆஸ்பத்திரியில் நர்சு என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துத் தீயில் காட்டினாள். முட்டை வெள்ளை மாதிரி திரண்டது. நான் படுத்தபடியே பார்த்தேன், பையன் போய்விட்டான் என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். "நுரை நுரையாப் போயிருக்குமே, ஒருத்தர்கூடப் பாக்கலையா" என்று நர்சு கேட்டாள். சுற்றி உன் அப்பா நின்றார், உன் பாட்டி நின்றாள், அவளும் நின்றாள். நான் கையைத் தூக்கி அவளைக் காட்டி, "இவதான் சோப்புன்னு சொன்னா" என்றேன்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பாட்டி அவளை அங்கேயே அறைந்தாள், அப்போதும் பேசவில்லை. நாலாம் மாதம் தூர இடத்தில் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அதற்கும் சேர்த்து அவள்மேல் முப்பத்துநான்கு வருஷம் கோபமாக இருந்தேன். மாடி வீட்டுக்காரி ஏணியை வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுக்காத கோபம், அந்த வாத்தியார் கோபம் எல்லாம் உண்மையான கோபம், அவற்றில் ஒன்றையும் விடுவதாக இல்லை. இது ஒன்றுதான் நானாகச் செய்தது. நீ நுரை என்று சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சோப்பு என்று நான் சொன்ன இடத்தில் நீ கிளீனர் என்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருதரம் வேகமாகப் போனால் யாருக்கும் கொஞ்சம் நுரை வரும், தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். ஊற்றியும் நின்றால், அதோடு கையும் முகமும் வீங்கினால், கண் மங்கினால், தலை வலித்தால், விலாவுக்குக் கீழே வலித்தால் ஒரு வேளைகூடக் காத்திருக்கக்கூடாது. உனக்கு இதில் மூன்று இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கச் சொல், மூத்திரம் பார்க்கச் சொல், இப்போது தீயெல்லாம் வேண்டாமாம், ஒரு காகிதக் குச்சியை முக்கினாலே தெரிந்துவிடுமாம். ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் வந்து என்னைத் திட்டு, ஸ்பீக்கரில் போட்டே திட்டு.

மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், அடுத்த மாதம்தான் கரைக்கு வருவார், உன்னைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் இல்லை. உன் அத்தையைக் கூப்பிடு. உன் கல்யாணத்தன்று கிளம்பும்போது ஒரு சீட்டில் போன் நம்பர் எழுதி என் கையில் திணித்தாள், அவள் கண்ணெதிரிலேயே கிழித்தேன். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிட்டேன், படித்தது எனக்குப் போகாது. இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். அண்ணி மகள் பேசுகிறேன், நுரை வருகிறது என்று சொல், வேறு எதுவும் விளக்க வேண்டாம். அவள் வர நேரமானால் காத்திருக்காதே, நீ முன்னால் போ, அவள் ஆஸ்பத்திரிக்கே வரட்டும். நான் சொல்ல வேண்டியதை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ நடுவில் நுழையாதே.

நீயும் பிள்ளையும் இரண்டு உடம்பாகப் பிரிந்து, இரண்டும் முழுசாக என் கண்முன் வந்து நிற்க வேண்டும், இதைத் தவிர நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மோதிரத்தை இழுத்துப் புண்ணாக்காதே, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுவார்கள். நூலை ஈரம் படாமல் வை. உன் அத்தை பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால் எதிர்த்துப் பேசாதே. நான் பேசினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா