கழுத்து அச்சும் முழு அச்சும்

கோரமண்டல்,
1908 அக்டோபர் 4, ஞாயிறு

மரியாதைக்குரிய மச்சான் மாணிக்கராஜ் அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நான் சுகம். உங்கள் தங்கை ஐடா சுகமா என்று கேட்க எனக்கு உரிமை மிச்சம் இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பிப்ரவரியில் நீங்கள் வந்து அவளைப் பெரம்பூருக்கு அழைத்துப்போனபோது என் வீட்டுக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. ரயில் பட்டறையில் லேத் ஓட்டும் உங்களை நான் இரும்புத்தூள் தின்கிறவர் என்று சொன்னதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பிறகு அவளுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. தப்பு யார் யார்மேல் என்று மூன்றிலும் வரிசையாக எழுதியிருந்தேன். அந்த வரிசையில் என் பெயர் மட்டும் இல்லை.

இப்போது எழுதுவது உங்களிடம் ஒரு வேலை கேட்க. அதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும்.

எங்கள் தங்கச் சுரங்கத்துத் துரை அமெரிக்காவிலிருந்து ஒரு புதுவகைத் துப்பாக்கி வரவழைத்திருக்கிறார். ஒருமுறை சுட்டால் காலிக் கூட்டைத் தானே வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் தோட்டா கப்பலில் வந்துசேர ஐந்து மாதம் ஆகிறது. ஆகவே சுட்ட பித்தளைக் கூடுகளிலேயே மறுபடி மருந்தும் குண்டும் வைத்து நிரப்ப விரும்பினார். சுடும்போது கூடு உப்பிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்தி அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிரப்ப முடியும். விலைப்பட்டியலில் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒன்று குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்குவது. மற்றது கூட்டை அடியிலிருந்து கழுத்துவரை முழுவதும் இறுக்குவது. ஸ்டோர் குமாஸ்தாக்களில் ஆங்கிலம் நன்றாகப் படித்தவன் என்று தேர்வை என்னிடம் விட்டார்.

அது ஜனவரி. அப்போதுதான் ஐடா காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தாள். பம்பு ஃபிட்டர் முனியப்பனின் மனைவி மங்கம்மா பதினொரு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவளைத் தேற்றினாள். அந்த நன்றிக்காக ஐடா இருவரையும் வீட்டுக்கு அழைத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத முனியப்பனுக்குக் கம்பெனி கல்வீடு கொடுத்திருந்தது, காலேஜில் எஃப்.ஏ. படித்த எனக்கு மூங்கில் தட்டிக் குடிசை. வந்தவன் மேசையிலிருந்த காலிக் கூட்டை எடுத்து உருட்டிப் பார்த்தான். பட்டியலில் நான் குறித்துவைத்திருந்த கழுத்து அச்சின் படத்தையும் பார்த்தான். "இன்னா சார் இது, கழுத்த மட்டும் புடிச்சா போதுமா? வயிறு உப்பிக்கினு இருக்குதே. கையால தள்ற துப்பாக்கின்னா அமுக்கித் தள்ளிடுவீங்க. இது தானா போற வண்டி, யாரு தள்ளுவாங்க?" என்றான். ஐடா சிரித்துவிட்டு, "அவரு சொல்றது சரியாத்தானே இருக்குது" என்றாள்.

அந்தச் சிரிப்புக்காகவே நான் கழுத்து அச்சுக்கு ஆர்டர் எழுதினேன். இனி மங்கம்மா வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று ஐடாவுக்கும் உத்தரவு போட்டேன். மூன்று வாரம் பொறுத்திருந்துவிட்டு அவள் உங்களுக்கு எழுதினாள்.

அச்சு ஆகஸ்டில் வந்தது. போன மாதம் விருந்தாளிகள் முன்னிலையில் துரை சோதித்துப் பார்த்தார். முதல் இரண்டு தோட்டா வெடித்தன. மூன்றாவது பாதி உள்ளே போய் இறுகிக்கொண்டது; முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. நான் முதலில் மருந்தைக் குறை சொன்னேன், பிறகு அமெரிக்கக்காரனை. "இதற்கு நீ படித்திருக்கவே வேண்டாம்" என்றார் துரை. சிக்கியதை எடுக்க முனியப்பனைக் கூப்பிட்டார்கள். "ஜனவரியிலேயே சொன்னேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். அவரோ, "புது சாமான் தொரே, பழகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டைப் பக்குவமாக வெளியே எடுத்தார்.

இந்த மனிதர் முன்பே எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை என்று எல்லார் முன்னும் துரையிடம் சொன்னேன். சொல்லி முடித்தும் என் வேலை போகவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் முனியப்பன் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் மெழுகுவத்தியின் புகையை ஒரு காலிக் கூட்டின்மேல் பிடித்துக் கருக்கினார். அதைத் துப்பாக்கிக்குள் செருகி எடுத்துக் காட்டினார். கழுத்தில் கரி அப்படியே இருந்தது. அடிவயிற்றில் மட்டும் தேய்ந்து பித்தளை மின்னியது. "அங்கதான் கடிக்குது சார்" என்றார். பிறகு இருவருமாகக் கந்தகத்தை உருக்கி ஊற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையை வார்ப்பாக எடுத்தோம்.

அந்த வார்ப்பைப் பஞ்சில் சுற்றி, மூக்குப்பொடி டப்பாவில் வைத்து, ஒரு புதுத் தோட்டாக் கூட்டோடும் சுட்ட கூடுகள் இரண்டோடும் அனுப்புகிறேன். இதைப் பார்த்து ஒரு முழு அச்சு கடைந்து தாருங்கள். உள்பக்கம் கண்ணாடிபோல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கூடு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கே நான் லேத் வேலை சொல்லித்தருகிறேன் பாருங்கள், பழைய புத்தி இன்னும் முழுதாகப் போகவில்லை.

துரை கிறிஸ்துமஸ்வரை தவணை கொடுத்திருக்கிறார். ஐம்பது தோட்டா சிக்காமல் ஓடினால் ஆயுத அறைப் பொறுப்பும், அதோடு ஒரு கல்வீடும் எனக்கு. முனியப்பன் வீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர். சம்மதமா என்று துரை கேட்டார். சம்மதம் என்றேன்.

அச்சைப் பார்சலில் போடவேண்டாம். பொருத்திப் பார்த்துத் திருத்தவேண்டி வரும், நீங்களே கொண்டுவாருங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பௌரிங்பேட்டையிலிருந்து வரும் வண்டிக்கு நான் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். நீங்கள் தனியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. "அக்கா எப்ப வருது சார், நீங்க கூப்ட்டீங்களா இல்லியா?" என்று மங்கம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தை ஐடாவிடம் கொடுங்கள். முழுவதும் வாசிக்க அவளுக்கு மனம் இல்லாவிட்டால், ஜனவரியில் நடந்ததை எழுதியிருக்கும் பக்கத்தை மட்டுமாவது வாசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தார் அனைவரையும் தேவன் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
கொர்னேலியஸ்