கோடு விழாத துண்டு

அக்டோபர் 28
காலையிலிருந்தே மழை. கரண்ட் போய், பேட்டரிக்கு மாறுவதற்குள் இயந்திரம் நின்றுவிட்டது. பொன்னுதுரையின் தாடைத் தகடு பாதியில் நின்றது. துறைமுகத்தில் கிரேன் வடம் அறுந்து முகத்தில் அடித்த மனிதர், பாவம், கஞ்சியை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறார்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளாட்வின்தான் மறுபடி ஓடவிட்டான். டைட்டானியப் பொடியை லேசர் படலம் படலமாக உருக்கி எழுப்பும்போது, நின்ற இடத்தில் மெல்லிய கோடு விழும். தகட்டோடு அதே மேடையில் எழும்பும் சாட்சித் துண்டிலும் அதே உயரத்தில் விழும். அந்தத் துண்டை இழுத்து முறித்துப் பார்த்து, திருப்தியானால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

என் மகள் அனிஷா முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைக்குக் கவுன் தைக்கக் கொடுத்தாயிற்று. ஞானத்தகப்பன் வாங்க வேண்டிய மெழுகுதிரியைக் கிளாட்வினுக்கு நினைவுபடுத்தினேன். "ஏளா, அது போன மாசமே வாங்கியாச்சு" என்றான்.

அக்டோபர் 30
கோட்டைக் காணோம்.

கோடு தாங்குமா என்று பார்க்கத்தான் லென்ஸை எடுத்தேன். தகட்டில் இருக்கிறது. துண்டில் இல்லை. அப்படியானால் இது அந்த மேடையில் எழும்பிய துண்டே இல்லை. துண்டை அறுத்து என் மேசையில் வைப்பவன் கிளாட்வின். தவறி மாறியிருக்கும் — வேறென்ன?

அக்டோபர் 31
தவறி மாறவில்லை.

கேட்டதும் ஒத்துக்கொண்டான். ஜூனிலிருந்தே, உருகாமல் மிஞ்சியதைத் திரும்பத் திரும்பச் சலித்த பழைய பொடியில்தான் தகடுகளை அடிக்கிறானாம். எனக்குக் கொடுக்க மட்டும் புதுப் பொடியில் ஒரு பெட்டி நிறையத் துண்டுகள். முதலாளிக்குச் செலவு மிச்சம், இவனுக்கு மேலாளர் நாற்காலி. பழைய பொடி ஒவ்வொரு சூட்டிலும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்ப வடை சுடுகிற கதைதான். தகடு பார்க்க உறுதியாக இருக்கும், வளையவேண்டிய நேரத்தில் முறியும். இதை நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம்.

எல்லா இடத்திலும் நடப்பதுதான், இதுவரை ஒன்றாவது உடைந்ததா என்று என்னையே கேட்கிறான். நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று எப்படி நினைத்தாய் என்றேன்.

"நான் குடுத்தா, எங்கன இருந்து வந்ததுன்னு நீ கேக்க மாட்டல்லா."

அடப்பாவி. என் நம்பிக்கையையும் சேர்த்தல்லவா கணக்குப் போட்டிருக்கிறான். வெளியே சொன்னால் என் கையெழுத்தும் மாட்டும் என்பதையும் மறக்காமல் சொன்னான்.

நவம்பர் 1
ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? நான்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனோ?

நவம்பர் 2
கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்தில் அவனும் அவன் அம்மா ஆக்னஸ் அத்தையும் நின்றார்கள். அத்தை என் கன்னத்தைத் தடவினார்கள். ஆகஸ்டில் படியில் விழுந்து தாடை உடைந்தபோது நாங்கள் அடித்த தகடுதான் அத்தைக்கு வைத்தது.

ஆகஸ்ட். ஜூனுக்குப் பிறகு.

அவனைத் தனியே இழுத்துப்போய், அத்தைக்கு எந்தப் பொடி என்று கேட்டேன். கையிலிருந்த மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது புதுசு."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறான். பொன்னுதுரைக்கு ஒன்று, பெத்த தாய்க்கு ஒன்று. நேற்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 3
பொன்னுதுரையின் டாக்டரிடம் சொல்லிவிட்டேன், என் கையெழுத்து உட்பட எல்லாவற்றையும். நாளைய ஆபரேஷன் இல்லை. பொன்னுதுரையின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை மறித்து, "இன்னும் எத்தன நாளும்மா கஞ்சி ஊத்த?" என்று கேட்டாள்.

நவம்பர் 11
கிளாட்வினை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை நானும் வரவேண்டாமாம். ஜூனிலிருந்து தகடு வைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அத்தைக்கும் எடுத்தார்கள், தகட்டில் ஒன்றுமில்லை; வழக்கமான சோதனை என்று அத்தை நினைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவருக்கு விரிசல் இருக்கிறது. அந்தத் தகட்டின் சோதனைத் தாளிலும் என் கையெழுத்துதான்.

நவம்பர் 19
பொன்னுதுரைக்கு வேறு ஊரிலிருந்து வந்த தகட்டை வைத்தாயிற்று என்று டாக்டர் போன் செய்தார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 23
புதுநன்மை. மெழுகுதிரியை ஆக்னஸ் அத்தைதான் கொண்டுவந்தார்கள். மகனுக்குச் சென்னையில் பெரிய வேலை கிடைத்திருக்கிறதாம், லீவு தரவில்லையாம். அப்படித்தான் சொல்லியிருக்கிறான். ஞானப்பா ஏன் வரவில்லை என்று அனிஷா கோயில் வாசல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

பந்தியில் அத்தைக்குப் பக்கத்தில் நின்று பரிமாறினேன். எலும்போடு கறியைக் கடித்து மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நல்லா மெல்லுதேன் பாத்தியா? நீங்க ரெண்டு வேரும் பாத்துப் பாத்து செஞ்சதுல்லா."

ஆமாம் அத்தை என்று சொல்லி, இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தேன்.