புதைத்த பனியனும் உன் பங்கு நிலமும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே யார் உடம்புக்கும் குறையில்லை, மனசுக்குத்தான் கொஞ்சம் காய்ச்சல், உனக்கு இரண்டுமே நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். சனிக்கிழமை காலை நம் வயலில் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஆளுக்கொரு கதை உன் காதுக்கு வரும். உன் அப்பா, அவருடைய அக்காவான உன் அத்தை, நான், மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த பெண், உர லாரி ஓட்டுநர், நீ சின்ன வயதில் தும்மல் மாமா என்று பெயர் வைத்த பக்கத்து வயல்காரர், அவருடைய நாய். இத்தனை பேரும் வட்டமாக நின்று குனிந்து பார்த்தது உன் அப்பாவின் ஜட்டியை. பதறாதே, அவர் வேறொன்று உடுத்திக்கொண்டுதான் நின்றார், இது மண்ணுக்குள் இருந்தது.

நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் அடியில் தங்கும் கசடை வைக்கோலும் மரத்தூளும் கலந்து குவித்து, கை வைக்க முடியாத சூட்டில் தானாக வேகவிட்டு, மாதக்கணக்கில் மட்க வைத்து உரமாகக் கொடுக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போன பருவத்தில், உன் பங்கையும் அத்தை பங்கையும் விட்டுவிட்டு, தன் பங்கில் மட்டும் போட்டுப் பார்த்தார். நாற்றம் இல்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், மழை விட்ட மறுநாள் தோட்டம் எப்படி மணக்குமோ அப்படித்தான் இருந்தது. அதற்காக வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தேநீரோடு ஒரு பிடி உரத்தையும் நீட்டி முகர்ந்து பாருங்கள் என்றால் யார் இரண்டாவது தடவை வருவார்கள். அந்த உரத்தை வைக்க அவர் எடுத்துக்கொண்டது என் சாப்பாட்டு டப்பாவை, அதை நான் வீட்டுச் சாமான் கணக்கிலிருந்தே அடித்துவிட்டேன். அத்தையோ முதல் நாளே சொல்லிவிட்டாள், ஊரே கழித்ததைத் தன் பங்கும் இருக்கிற வயலில் கொட்டினால் இந்த வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று. சொன்னபடி பின்கட்டில் தனி அடுப்பு மூட்டிவிட்டாள். அதோடு நிற்காமல், தன்னுடையது எதுவும் தம்பி வயலுக்குப் போய்விடக் கூடாதென்று நம் வீட்டுக் கழிப்பறையையும் விலக்கிவிட்டு, விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடித் தையற்காரி வீட்டுக்குப் போய் வருகிறாள். அந்த வீட்டுக் குழாயும் அதே நிலையத்துக்குத்தான் போகிறது. தெருவுக்கே தெரியும், அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை.

எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை என்பது உண்மை. அந்த வயலில் பூத்ததை எப்படிச் சாமி படத்துக்கு வைப்பது என்று தொட்டியில் பூத்ததை மட்டும் பறித்து வந்தேன். பிறகு நூலகத்திலிருந்து மண்ணைப் பற்றிய புத்தகம் ஒன்று எடுத்து வந்து, புரியாத இடங்களை மூன்று தடவை வாசித்தேன். ஒரு கரண்டி மண்ணில் இருக்கிற உயிர்கள் உலகத்து மனிதர்களைவிட அதிகமாம். எல்லா உயிரும் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் வேண்டுகிறேனே, அதில் பெரும்பாலோர் என் செருப்புக்கு அடியில்தான் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடுகிற விஷயத்தில் அருவருப்புப்பட நான் யார். அன்றிலிருந்து கணக்கு நோட்டில் மண்புழுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஞாயிறுதோறும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி எண்ணி எழுதி வருகிறேன். அப்பா பங்கில் வரவு ஏறிக்கொண்டே போகிறது, அத்தை பங்கில் பழைய இருப்பு அப்படியே இருக்கிறது.

அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி, உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகக் கேட்கிற நிலை வந்ததும் நான்தான் மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் உன் வயதுதான் இருப்பாள். பருத்தித் துணி மண்ணிலிருக்கும் உயிர்களுக்குத் தீனி, சுத்தப் பருத்தியில் ஒரு உள்ளாடையை இரண்டு பக்கமும் புதையுங்கள், இரண்டு மாதம் கழித்துத் தோண்டுங்கள், உயிரோட்டமுள்ள மண் என்றால் எலாஸ்டிக்கைத் தவிர மிச்சம் இருக்காது, சோர்ந்த மண் என்றால் துணி அப்படியே கிடக்கும் என்றாள். உன் அப்பா ஓட்டமாகப் போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை உருவி வந்தார். அத்தை, ஆம்பிளை ஜட்டியெல்லாம் தன் மண்ணில் இறங்காது, வேண்டுமானால் ஒரு பனியன் புதைக்கிறேன், அதையும் நானே புதைப்பேன், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். போகட்டுமே என்று விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை முதலில் அப்பா பக்கம் தோண்டினார்கள். இடுப்புப் பட்டி மட்டும் வந்தது, அதற்குள் நுழைந்து வெளியே வந்தபடி புழுக்கள். உன் அப்பா அதைக் குச்சியில் மாட்டிப் பரிசுக் கோப்பை மாதிரித் தூக்கிக் காட்ட, நாய் குரைத்தது. அடுத்தது அத்தை பக்கம். வந்தது ஒரு பிளாஸ்டிக் உறை. நான்காக மடித்து, வாயைத் திருகி, நூல் போட்டுக் கட்டியது. அவிழ்த்தால் சலவைக்குப் போய் வந்த மாதிரி வெள்ளை வெளேரென்று பனியன், இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. அத்தை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, யார் மண்ணு சுத்தம்னு இப்பத் தெரியுதா என்றாள். லாரி ஓட்டுநர், அக்கா பக்கம்தான் ஜெயிச்சிருக்கு, கண்ணால பாக்கிறோமே என்றார். துணி மறைந்த பக்கம்தான் நல்ல மண் என்று அந்தப் பெண் எடுத்துச் சொல்லச் சொல்ல, தும்மல் மாமா, கட்டுன துணியைத் தின்னுற மண்ணை நம்பி எப்படிம்மா விதைக்கிறது என்று கேட்டு இரண்டு தும்மல் போட்டார். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. புதைக்கிறதை யாராவது கவர்ல போட்டுப் புதைப்பாங்களா, இது மண்ணா இல்ல உன் பீரோவா என்று கத்திவிட்டார்.

அத்தை பனியனை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கழுத்தோரத்தில் நீல நூலால் போட்ட தையலைப் பார்த்தேன். அது காலமான உன் மாமாவுடைய, அத்தை வீட்டுக்காரருடைய பனியன். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது என்று அத்தை நீல நூலில் தைத்துக் கொடுக்க, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சட்டைக் காலரை விலக்கிக் காட்டிச் சிரிப்பாரே, அதே பனியன். அவரை அடக்கம் செய்ததும் அவள் பங்கின் மூலையில்தானே. நாற்றம், புழு, நோய் என்று இத்தனை நாள் ஆயிரம் காரணம் சொன்னாளே தவிர, அவர் மேலே அந்தக் கசடு கசிந்து வந்துவிடுமோ என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா. குச்சியில் தொங்கின அந்தப் பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றவள், அந்தப் பெண்ணிடம் மெதுவாக, "உள்ள போனா எதையுமே விட்டுவைக்காதாம்மா?" என்றாள். விவரம் தெரியாத அந்தப் பெண், "எலாஸ்டிக்கை விட்டுவைக்கும்மா" என்றாள். அத்தை, "அவருக்கு எலாஸ்டிக் பிடிக்காது. கடைசிவரைக்கும் நாடாதான்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. உன் அப்பா சிரித்துவிட்டார், சிரித்தவர் அப்படியே திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த மண்வெட்டியை வெகுநேரம் துடைத்தார்.

பிறகு அத்தையே சொன்னாள், தம்பி தன் பங்கில் என்னவோ செய்துகொள்ளட்டும், என் பங்கைத் தொடக் கூடாது, நடுவில் இருப்பது பிள்ளையுடையது, அவள் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று. தாத்தா உன் பேரில் எழுதிவைத்த அந்த நடுப் பங்கு இப்படி நியாயத் தராசாக வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள். நீ போடு என்றால் உரம் அத்தையின் வரப்பைத் தொடும், தனி அடுப்பு தனி வாசலாகிவிடும். வேண்டாம் என்றால் உன் அப்பா சாப்பாட்டையே குறைத்துவிடுவார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். உயிர்கள் பெருகியிருப்பது நிஜம், ஆனால் இந்த உரத்தில் துத்தநாகம் போன்ற உலோகமும் கொஞ்சம் வரும், அது மட்காது, மண்ணிலேயே சேரும், அதனால் வருஷா வருஷம் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது, சோதித்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும், பச்சையாகத் தின்கிற கீரை காய்க்கு வேண்டவே வேண்டாம் என்றாள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு, இதற்கு மட்டும் விதிவிலக்கா.

என் மனசைக் கேட்டால், இந்த ஒரு தடவை மக்காச்சோளத்துக்குப் போடச் சொல், ஆனால் அத்தையின் வரப்பை ஒட்டி அகலமாக ஒரு துண்டை வெறுமனே விடச் சொல், அதில் ஒன்றும் போட வேண்டாம், நான் பூச்செடி வைத்துக்கொள்கிறேன். இதை நீயே யோசித்ததாக எழுது, என் பேச்சு என்று தெரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்வார்கள். அப்படிப் பாய்ந்தாலும் சேர்ந்து பாய்கிறார்களே என்று சந்தோஷம்தான். கடிதத்தை அத்தை பெயருக்கே அனுப்பு. அவள் கண்ணாடியின் கால் ஒடிந்து, போன வாரத்திலிருந்து உன் அப்பாவின் மேசையில் கிடக்கிறது, அவர் ஒட்டித் தரவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. உன் கடிதம் வந்தால் அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும், அதற்காகவாவது இரண்டு பக்கம் நிறைய எழுது.

கடவுள் உன்னைக் கண் போலக் காக்கட்டும், எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, பல் வலியைத் தள்ளிப் போடாமல் காட்டிவிடு. லாரி ஓட்டுநர் மாதக் கடைசி வரைக்கும்தான் நமக்காக உரத்தை ஒதுக்கி வைப்பேன் என்கிறார். சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா